பீரோ மேல் இருக்கும் வீணையைப் புத்தாண்டில் மீண்டும் எடுப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் தொடங்கி இருபது வயது வரை வீணை கற்றிருக்கிறீர்கள். வர்ணங்கள் முடிந்து, கீர்த்தனைகளும் இருபதுக்கு மேல் பாடமாகியிருந்தன. அதன் பிறகு வேலை, திருமணம், குழந்தை என்று பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அம்மா வீட்டுப் பீரோவின் மேல் இருந்த வீணை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உங்களிடம் வந்து, இப்போது உங்கள் வீட்டுப் பீரோவின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பது என்று முடிவெடுக்கிறீர்கள். பொங்கலுக்குள் அது நின்றுவிடுகிறது. பழைய ஆர்வம் திரும்புமா, அல்லது போனது போனதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பும். இருபத்தாறு ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுத்துவரும் நான், நடுவில் விட்டுவிட்டு மீண்டும் வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்; நானே ஒரு முறை நான்கு ஆண்டுகள் வீணையைத் தொடாமல் இருந்து திரும்பியவள். ஆனால் ஆர்வம் முதலில் வந்து, அதன் பிறகு நாம் வீணையை எடுப்போம் என்று காத்திருந்தால் அது வருவதில்லை. கை கொஞ்சம் பழகி, வாத்தியத்திலிருந்து நம் காதுக்குப் பிடித்த நாதம் ஒன்று எழுந்த பிறகுதான் மறுநாளும் உட்காரவேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஆகவே உங்கள் முயற்சி முழுவதும் அந்த முதல் நல்ல நாதத்தை எவ்வளவு சீக்கிரம் கேட்பது என்பதைப் பற்றியதாக இருக்கவேண்டும். மற்றவை தாமாகப் பின்னால் வரும்.

பலர் தங்கள் சோம்பலைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, திரும்பி வருபவரைத் தடுப்பது சோம்பல் அல்ல. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் உங்கள் கை அதே இடத்தில் நின்றுவிட்டது, சற்றுப் பின்னாலும் போயிருக்கிறது. உங்கள் காது அப்படி நிற்கவில்லை. காரில் போகும்போது, சமைக்கும்போது, கச்சேரிகளில் என்று அது கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறது. இருபது வயதில் உங்களுக்குத் திருப்தி தந்த, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் இன்று உங்களுக்கே போதவில்லை. வளர்ந்த காதும் வளராத கையும் ஒரே பாயில் உட்காரும்போது, முதல் பத்து நிமிடத்திலேயே மனம் சுருங்கிவிடுகிறது. அதை நாம் ஆர்வம் இல்லை என்று தவறாகப் பெயரிட்டுக்கொள்கிறோம். உண்மையில் அது ஆர்வம் மிகுதியாக இருப்பதன் அடையாளம். இசையில் ஆசை அற்றுப்போனவருக்கு அபஸ்வரம் வலிக்காது.

இதில் ஜனவரி 1 என்ற நாளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது முதல், டிசம்பர் மாதம் என்பது நமக்குக் கச்சேரி மாதமாகவே ஆகிவிட்டது. மார்கழி பிறந்தது முதல் சபாக்களிலும் கைப்பேசியிலும் தேர்ந்த வித்வான்களைக் கேட்டுக் கேட்டு, காது தன் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் தீர்மானம் எடுக்கிறோம். ஆசை பொங்குவது உண்மை; ஆனால் நம் கையை அளக்கும் அளவுகோலும் அன்றைக்கு ஆண்டிலேயே மிக உயரத்தில் இருக்கிறது. மறுநாள் பாயில் உட்கார்ந்து, நேற்று மேடையில் கேட்ட பைரவி ராகத்தைத் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? இந்த வருடம் ஜனவரி முதல் இரண்டு வாரங்களுக்கு வீணைக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதை நிறுத்திவையுங்கள் என்று சொல்வேன். வாய்ப்பாட்டைக் கேளுங்கள், நாகஸ்வரம் கேளுங்கள். வீணையை மட்டும் உங்கள் கையிலிருந்து மட்டுமே கேளுங்கள்.

இனி வாத்தியத்துக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் திரும்பி வருபவர்களில் பாதிப் பேர் தோற்பது வாத்தியத்தின் குறையைத் தம் கையின் குறை என்று நினைத்துக்கொள்வதால்தான்.

வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும், அதாவது கம்பியை விரலால் அழுத்தும் இடங்களில் இருக்கும் குறுக்குக் கட்டைகளும், நீண்ட தண்டியில் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்து காய்ச்சிய மெழுகில் பதிக்கப்பட்டவை. பன்னிரண்டு கோடைக்காலங்களை ஒரு பீரோவின் மேல், கூரையின் வெப்பத்துக்கு அருகில் கழித்த மெழுகு இளகியிருக்கும், சில இடங்களில் வெடித்திருக்கும். மெட்டு ஒரு நூலளவு சாய்ந்தாலும் அந்த ஸ்வரம் சேராது. நீங்கள் எவ்வளவு சுத்தமாக விரலை வைத்தாலும் மத்தியமம் கொஞ்சம் ஏறியே பேசும். உங்கள் காது அதைக் கண்டுபிடிக்கும், மனம் பழியைக் கையின் மேல் போடும். ஆகவே தீர்மானத்தின் முதல் செலவு மேளம் கட்டுவதற்காக இருக்கட்டும். பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிய மெழுகு வைத்து, உங்கள் சுருதிக்கு ஒவ்வொரு மெட்டையும் காதால் பார்த்துப் பதிக்கத் தெரிந்தவர்கள் தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலருக்கு நினைவுக்கு வந்தது பலாமரத்தைக் குடைந்து குடமும் யாளி முகமும் செய்யும் வேலைப்பாடுதான்; ஆனால் வாசிப்பவருக்கு அந்தக் கலைஞர்களின் மிகப் பெரிய உதவி இந்த மேளம் கட்டும் காதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு அவர்கள் வர இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் வீட்டுக்கே வந்து செய்துகொடுக்கிறார்கள். மேளம் கட்டிய வீணையைப் பேருந்திலோ ரயிலிலோ கொண்டுவருவதைவிட அது நல்லது.

நான் திரும்பி வந்த நாளை உங்களுக்குச் சொல்கிறேன். என் தகப்பனார் காலமான பிறகு நான்கு ஆண்டுகள் நான் வீணையைத் தொடவில்லை. அவர்தான் எனக்குச் சுருதி சேர்த்துக்கொடுப்பவர். பள்ளி விட்டு வந்ததும் அவர் சேர்த்து வைத்திருக்கும் வீணையில் நான் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு தை மாதத்து மாலையில் உறையை அவிழ்த்தபோது உள்ளிருந்து பழைய தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. முதன்மைக் கம்பியான சாரணி துரு ஏறிப் பழுப்பாகியிருந்தது. எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒலியுடைய அனுமந்தரக் கம்பியில் பச்சைக் களிம்பு. தாளத்துக்கு மீட்டும் பக்கசாரணிக் கம்பிகள் மூன்றில் ஒன்று அறுந்து, சுருண்டு, குதிரையின் மேல் கிடந்தது. அன்று நான் வாசிக்கவே இல்லை. ஏழு கம்பிகளையும் கழற்றிவிட்டு, மெட்டுகளை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கம்பியை முறுக்கி ஏற்றும், வழுக்கிக்கொண்டிருந்த பிரடைகளுக்குச் சாக்கட்டித் தூள் தடவினேன். புதிய கம்பிகளைக் கட்டி, மெதுவாக ஏற்றி, கம்பிகளின் அடிமுனையில் உள்ள லங்கரில் இருக்கும் வளையங்களை நகர்த்தி நகர்த்திச் சுருதியைச் சேர்த்தேன். புதுக்கம்பி இழுபட்டு இறங்கிக்கொண்டே இருந்ததால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சாரணியும் மந்தரமும் ஒன்றோடொன்று சேர்ந்த கணத்தில், நான் தொடாத பக்கசாரணி தானே லேசாக முழங்கியது. அந்த முழக்கத்தைக் கேட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வாசிக்க உட்காருவதற்கு எனக்கு எந்தத் தீர்மானமும் தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் முதல் நாளில் வாசிக்காதீர்கள். சுருதி சேர்ப்பதை மட்டும் செய்யுங்கள். கைப்பேசியில் தம்புரா செயலியை உங்கள் பழைய சுருதியில், அநேகமாக இரண்டரை அல்லது மூன்று கட்டையில் வைத்துக்கொண்டு, மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில் சாரணியைச் சேருங்கள். அதற்குக் கீழே பஞ்சமம், அதற்கும் கீழே மந்தர ஸட்ஜம், கடைசியில் அனுமந்தரப் பஞ்சமம் என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஒரு மீட்டு மீட்டிவிட்டு, நாதம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை மீட்டுங்கள். வீணையின் நாதம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை அவசரமாக வாசித்துப் பழகியவர்கள் மறந்தே போயிருப்பார்கள். குருவிடம் சுருதி சேர்த்துக்கொடுக்கச் சொல்லியே பழகியவர் என்றால், இதை ஒரு வாரம் செய்தாலும் வீண் இல்லை. தன் வாத்தியத்தைத் தானே சேர்க்கத் தெரிந்தவருக்கு அந்த வாத்தியம் அந்நியமாகாது.

அதன் பிறகு முதல் மூன்று வாரங்கள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போதும். இதை நான் உங்கள் மனத்துக்காக மட்டும் சொல்லவில்லை, விரலுக்காகவும் சொல்கிறேன். இடக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முன்பு இருந்த காய்ப்பு இப்போது முற்றிலும் கரைந்திருக்கும். முதல் நாளே ஒரு மணி நேரம் வாசித்து, கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பதற்காக, கம்பியை இழுத்தால் தோல் கிழிந்துவிடும். பிறகு நான்கு நாள் தொட முடியாது. அந்த நான்கு நாள் பத்து நாளாகி, தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் பொங்கல் கணக்கு இப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சை ஒரு சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது விரல் நுனியைத் தொட்டுக்கொள்ளுங்கள். எரிச்சல் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் வாசிக்கலாம் போல இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பசி மறுநாளுக்கு வேண்டும். காய்ப்பு மெல்ல மெல்ல ஏறும். மூன்று நான்கு வாரங்களில் கம்பி கடிப்பது நின்று வழுக்கத் தொடங்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் எதை வாசிப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். விட்ட இடத்திலிருந்து, அதாவது கடைசியாகக் கற்ற பெரிய கீர்த்தனையிலிருந்து தொடங்குகிறார்கள். அது நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஓடி, ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் சங்கதிகளில் சிக்கி நின்றுவிடும். மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பயிற்சியான ஸரளி வரிசையின் முதல் வரிசையை எடுங்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாடமுறை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்த காதுடைய ஒருவர் அதை முதல் காலத்தில், அதாவது மிக மெதுவான வேகத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தின் நாதத்தையும் கேட்டு வாசிக்கும்போது அது வேறொன்றாக இருக்கிறது. ரிஷபம் ஸட்ஜத்துக்கு எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது, நிஷாதம் மேல் ஸட்ஜத்தின் மேல் எப்படிச் சாய்கிறது என்பதெல்லாம் ஒன்பது வயதில் உங்களுக்குக் கேட்டிருக்காது. காது வளர்ந்திருப்பதன் பயனை முதலில் அனுபவிக்கும் இடம் இதுதான். முதல் காலம், இரண்டாம் காலம் போதும். மூன்றாம் காலத்தை மாசி வரை தொடவேண்டாம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பாட்டு வேண்டும். வரிசைகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுக்கும். நான் திரும்பி வருபவர்களுக்கு எப்போதும் கொடுப்பது முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் ஒன்று. தீக்ஷிதரே வைணிகர், அதாவது வீணை வாசிப்பவர்; சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மேல்நாட்டு இசை மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் (பாடல் வரிகள்) அமைத்தார். சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்த அந்தச் சிறு பாடல்கள் ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. அவற்றில் கமகம் இல்லை. கம்பியை இழுக்கத் தேவையில்லாததால் காய்ப்பு இல்லாத விரலும் அதை வாசிக்கலாம். இரண்டே நிமிடத்தில் ஒரு பாட்டு முழுமையாக முடிந்துவிடும். முடிந்ததும் ஒன்றை முழுதாக வாசித்தோம் என்ற நிறைவு வரும். பெரிய கீர்த்தனையின் பல்லவியை இருபது முறை உடைத்து உடைத்து வாசித்தாலும் அந்த நிறைவு கிடைக்காது. வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் அந்த மெட்டு உடனே பிடித்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். குழந்தை கூடவே முணுமுணுக்கத் தொடங்கினால் அதைவிடப் பெரிய ஊக்கம் உங்களுக்கு யாரும் தர முடியாது.

கமகம் உள்ள பாட்டுக்குப் போகும்போது, சாகித்தியம் மனப்பாடமாக இருக்கும் பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வீணையில் நல்ல வாய்ப்பாட்டு நடை என்பது சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் மீட்டு விழுவது. நெடில் நீளும் இடத்தில் மீட்டாமல் விரலை மட்டும் நகர்த்துவது. வாய்க்குள் பாடிக்கொண்டே வாசித்தால் வலக்கைக்கு எங்கே மீட்டுவது என்பது தானே தெரியும். ஸ்வரத்தை மட்டும் நினைவில் வைத்து வாசிப்பவருக்கு மீட்டு அளவுக்கு மீறி விழுந்து, பாட்டு துண்டுதுண்டாகக் கேட்கும்.

மறந்துபோன பாட்டுகளைப் பற்றி ஒரு செய்தி. நீங்கள் நினைக்கும் அளவுக்கு அவை மறந்திருக்காது. புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, கையைப் போகவிடுங்கள். மோகன ராக வர்ணத்தின் பல்லவியை மூளையைக் கேட்டால் தெரியாது என்று சொல்லும். விரலைக் கேட்டால் இரண்டு ஆவர்த்தனம் தானே ஓடிவிடும். அடுத்தது என்ன என்று யோசித்த மாத்திரத்தில் அறுந்துபோகும். அறுந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து விடுங்கள். வரிசைகளும் கீதங்களும் முதல் நாளே வரும், வர்ணத்தின் முன்பகுதி சில நாட்களில் வரும், வர்ணத்தின் பின்பகுதியில் வரும் எத்துகடை ஸ்வரங்கள் மட்டும் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டு கடைசியாக வரும். பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நான் பார்த்திருக்கிறேன். கை நின்றுவிட்ட இடங்களை மட்டும் பிறகு நோட்டில் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். பழைய பாட்டு நோட்டு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அதைத் தேடி எடுங்கள். நீலமைக் கையெழுத்தில் உங்கள் ஆசிரியர் ஸ்வரத்துக்குக் கீழே போட்ட கோடுகளும், "இங்கே இழுத்து வாசி" என்று ஓரத்தில் எழுதியதும், அச்சிட்ட எந்தப் புத்தகமும் தராத ஒன்றை உங்களுக்குத் தரும்.

ஆசிரியரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரி வந்துபோகிறது: ஆசிரியைக்குப் போன் செய்யவே கூச்சமாக இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று. விட்டவர்களில் பெரும்பாலானோரைத் திரும்பவிடாமல் தடுப்பது இந்தக் கூச்சம்தான். வீணை என்பது நமக்கு வெறும் வாத்தியமாக இல்லை, சரஸ்வதியாக இருக்கிறது. அதனால் தொடாமல் விட்டது தவறு என்பதைத் தாண்டிப் பாவம் என்று மனம் உறுத்துகிறது. சரஸ்வதி பூஜை அன்று இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமிக்கு ஒரு ஸ்வரம் மீட்டிவிட்டு மீண்டும் மேலே ஏற்றும்போது அந்த உறுத்தல் இன்னும் கூடுகிறது. நான் ஆசிரியரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். விட்டுப்போன மாணவி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அழைக்கும்போது எங்களுக்குக் கோபம் வருவதே இல்லை. அன்றைய நாள் முழுவதும் வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருப்போம். உங்கள் ஆசிரியை இருக்கிறார் என்றால் தை பிறந்ததும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு நேரில் போய் நமஸ்காரம் செய்துவிட்டு வாருங்கள். வகுப்பு பற்றி அன்று பேசக்கூட வேண்டாம்.

வகுப்பு வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் கருத்து. வாரத்துக்கு ஒரு முறை போதும். இணைய வழியில் கற்பது இப்போது பழகிவிட்டது. அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, கம்பியை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதை ஆசிரியரால் திரையில் துல்லியமாகப் பார்க்கவும் முடியாது. மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் எதிரெதிரே இரண்டு வீணைகள் வைத்துக்கொண்டு வாசிக்க வாய்ப்பிருந்தால் அதை விடாதீர்கள். ஆசிரியரின் வீணையோடு உங்கள் வீணை சேர்ந்து ஒலிக்கும்போது உங்கள் கை உங்களை அறியாமல் மேலேறும்.

நேரத்தையும் இடத்தையும் பற்றி உங்களைப் போன்ற ஒரு மாணவி எனக்கே கற்றுக்கொடுத்த செய்தி ஒன்று உண்டு. அவர் ஒரு வங்கியில் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள், மாமியார் உடல்நலம் குன்றியவர். ஒரு மணி நேரம் என்பது அவருக்கு ஒருநாளும் கிடைக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் செய்தது இதுதான்: வீணையைப் பீரோவிலிருந்து இறக்கி, பூஜை அறைக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு பாயை நிரந்தரமாக விரித்து, அதன் மேல் வைத்து, அம்மாவின் பழைய பட்டுப்புடவைத் துண்டால் மூடிவைத்தார். மாலையில் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றிவிட்டு, காபி போடப் பால் அடுப்பில் வைக்கும் முன்பு அந்தப் பாயில் உட்காருவார். பத்து நிமிடம். சில நாள் ஐந்து நிமிடம். விளக்கு ஏற்றுவது அவருக்கு ஒருநாளும் தவறாது. அதனால் வீணையும் தவறவில்லை. முன்பு உறையை இறக்கி, பாய் விரித்து, சேர்த்து முடிக்கவே இருபது நிமிடம் ஆகும் என்பதால் அவர் தொடங்கவே மாட்டார். இந்த மாற்றத்துக்கு ஒன்பது மாதம் கழித்து, நவராத்திரிக் கொலுவில் வந்தவர்கள் முன்னால் மூன்று பாட்டு வாசித்தார். உங்கள் வீட்டிலும் தவறாமல் நடக்கும் ஏதோ ஒரு காரியம் இருக்கும். அதன் பக்கத்தில் வீணையை வையுங்கள். குழந்தை தொட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். தொடட்டும், கூட உட்கார்ந்து ஒரு கம்பியை மீட்டிக் காட்டுங்கள்.

கொலு என்றதும் அடுத்த விஷயம். யாருக்காவது வாசிக்கவேண்டும். தனக்கு மட்டும் வாசிக்கும் வாசிப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். பெரிய வித்வான்களும் ரசிகர்களும் அந்தச் சிறு இடத்தில் வந்து, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது இசையுலகம் அறிந்தது. நகமோ வளையமோ இல்லாமல் வெறும் விரலால் மீட்டிய அந்த மெல்லிய நாதத்துக்குப் பெரிய மண்டபம் பொருந்தியிருக்காது. நம்மை அவரோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீணை என்பது இயல்பிலேயே ஒரு அறைக்கான வாத்தியம், வாரத்தில் ஒரு மாலை என்ற ஏற்பாடு அதற்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்காகச் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை என்று வைத்துக்கொண்டு, உங்கள் கணவருக்கோ, மாமனாருக்கோ, எதிர்வீட்டு அம்மாவுக்கோ ஒரே ஒரு பாட்டு வாசியுங்கள். நோட்டுஸ்வரமாக இருந்தாலும் சரி. ஒருவர் கேட்கிறார் என்றால் வியாழக்கிழமை இரவே கை அந்தப் பாட்டைத் தேடத் தொடங்கும். அன்று வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். ஆனால் உடனே கேட்காதீர்கள். சித்திரை முதல் நாளில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நாளுக்கு நாள் தெரியாத முன்னேற்றம் அப்போது தெரியும்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் தொய்வு வரும் என்பதை இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய்வந்து, நான்கு நாள் விட்டுப்போயிருக்கும். விட்ட நாள்களுக்கு ஈடாக ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காரும் எண்ணம் எழும். அதைச் செய்யாதீர்கள், அதே பத்து நிமிடத்துக்கே திரும்புங்கள். ஜனவரி 1 நழுவியது என்றால் நமக்கு இன்னும் தொடக்கங்கள் இருக்கின்றன. தை பிறக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமியில், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை வருகிறது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் என்னும் ஐந்து கீர்த்தனைகளைப் பாடும் அந்தக் காலையின் நேரலையை வீணையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அவற்றில் ஆரபி ராகத்தில் உள்ளதன் ஒரு வரியைக் கூடவே தேடிப் பாருங்கள். சித்திரை வருகிறது. விஜயதசமி வருகிறது. ஒரு தேதி தவறினால் ஆண்டே தவறிவிட்டது என்று எண்ணுவதற்கு நம் நாட்காட்டியில் இடமே இல்லை.

ஒரு கேள்வியை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அது பின்னால் நிற்கிறது: இத்தனையும் செய்தும் ஆசை வராவிட்டால்? வாத்தியத்தைச் சரிசெய்து, காய்ப்பு ஏறி, நாதம் நன்றாக வந்து, மூன்று நான்கு மாதம் வாசித்த பிறகும் பாயில் உட்காருவது பாரமாகவே இருந்தால், உங்கள் மனம் இப்போது வேறொன்றைக் கேட்கிறது என்று பொருள். சிலருக்கு அது பாட்டாக இருக்கிறது; பதினோரு ஆண்டு வீணை கற்றவருக்கு ஸ்வர ஞானம் இருக்கும், அவர் வாய்ப்பாட்டுக்கு எளிதில் வந்துவிடலாம். சிலருக்கு ஊன்றிக் கேட்பதே போதும். அப்படி ஆனால் வீணையைக் கற்கும் ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்; வீணை வாங்க வசதியில்லாத மாணவர்கள் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறார்கள். ஆனால் இந்த முடிவை இப்போது, துருப்பிடித்த கம்பிகளோடும் சாய்ந்த மெட்டுகளோடும் இருக்கும் வீணையை வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். அது உங்களுக்கும் நியாயமில்லை, அந்த வீணைக்கும் நியாயமில்லை.

மேளம் கட்டுபவரிடம் மார்கழி முடிவதற்குள் பேசிவிடுங்கள். தை மாதத்தில் அவர்களுக்கு வேலை அதிகம் இருக்கலாம். அவர் வரும் நாளில் கூடவே உட்கார்ந்து, ஒவ்வொரு மெட்டையும் அவர் பதிக்கும்போது நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் மீண்டும் ஒரு முறை மீட்டச் சொல்லுங்கள். கம்பி வாங்கும்போது ஒரு ஜோடி போதாது. சாரணிக்கு மட்டும் நான்கு கம்பிகளாவது கூடுதலாக வாங்கி, லேசாக எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, பாயின் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழகாத கையில் முதல் மாதத்தில் சாரணி நிச்சயம் ஒரு முறையாவது அறுந்துபோகும். அன்று மாலை கடைக்குப் போக நேரம் இருக்காது.